நேர்ச்சை இல்லை

போன ஐப்பசி மழையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். உடைந்தது ஒரே ஒரு எலும்புதான். அதற்கு என் மகனும் அண்ணனும் போட்ட திட்டம் பெரியது. மாவுக்கட்டைப் பிரிப்பதற்கு முன்பே இரண்டு பேரும் போனில் பேசி எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். பாளையங்கோட்டையில் இருக்கும் என் வீட்டை வாடகைக்கு விடுவது, என்னைச் சென்னைக்கு அனுப்புவது. மகனுடைய ஃப்ளாட் பதினோராவது மாடி. அங்கே எனக்கு ஒரு அறை, அறையில் ஒரு டிவி, கீழே நடப்பதற்கு வட்டமாக ஒரு பாதை. எல்லாம் யோசித்து வைத்திருந்தார்கள். என்னைக் கேட்க மட்டும் மறந்துபோனார்கள்.

என் கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக்குப் போன காலம் முழுவதும் சைக்கிளில்தான் போனேன். தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பிடித்தும் போய்விட்டது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பாவம், வருத்தத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் பேசுகிறாள் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சபைக் கமிட்டியில் ரொம்ப நாளாக இருப்பவர். வீட்டில் யாரிடம் எதைச் சொல்வதாக இருந்தாலும் நேராகச் சொல்ல மாட்டார். முதலில் ஜெபம். கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் அதைச் சொல்லிவிடுவார். "இந்தப் பிள்ளை கணக்குப் பாடத்தை எடுத்துப் படிக்கப்போகிற காரியத்தை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்பார். அந்தப் பிள்ளை கண்ணைத் திறக்கும்போது காரியம் முடிந்திருக்கும். ஆமென் சொன்ன பிறகு எதிர்த்துப் பேசினால் அண்ணனை எதிர்த்ததாக ஆகாது, ஆண்டவரையே எதிர்த்ததாக ஆகிவிடும். எங்கள் குடும்பத்தில் இரண்டு கல்யாணமும் ஒரு நிலம் விற்றதும் இப்படித்தான் நடந்தன.

கிறிஸ்மஸுக்கு மகன் வந்திருந்தான். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் அண்ணன், "ஒரு வார்த்தை ஜெபிப்போம்" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. "எங்கள் சகோதரி பட்டணத்துக்குப் போய்த் தன் மகனோடு வாசம்பண்ணப் போகிற காரியத்தை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்று ஆரம்பித்து, வாடகைக்கு வரப்போகிறவர்களுக்கும் சேர்த்து ஜெபித்து முடித்தார். மகன் ஆமென் சொன்னான். நான் சொல்லவில்லை.

ஆமென் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டை வீசி எறிவதற்குச் சமம். அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"என்னளா, வாய்ல சோறா?"

"சோறு இல்ல. நான் மெட்ராஸ் போகல."

அதற்குப் பிறகு அரை மணி நேரம் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். திரும்ப விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று மகன் கேட்டான். அது நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு நிறுத்தாமல், "இந்த வயசுல தனியா உங்களால என்னம்மா செய்ய முடியும்?" என்று ஒன்று கேட்டான். அதில்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்த நேரம் வாயில் வந்தது எங்கள் ஆறு.

"பாபநாசத்துல இருந்து புன்னைக்காயல் வரைக்கும் சைக்கிள்ல போறேன். ஆறு மலையை விட்டு இறங்குத இடத்துல ஆரம்பிச்சு, கடல்ல சேருத இடம் வரைக்கும். நடுவுல எங்கயாவது கார்ல ஏறினேன்னா, அப்படியே உன்கூட மெட்ராஸுக்கு வந்திருதேன். ஏறலைன்னா இந்தப் பேச்சை இனிமே யாரும் எடுக்கப்படாது."

மகன் சிரித்தான். "அம்பை தாண்ட மாட்டீங்கம்மா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் குலுக்கியது உடைந்த கை. வலித்தது. நான் காட்டிக்கொள்ளவில்லை.

தை மாதத்தில் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பொங்கல் லீவு முடிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, சாலையில் கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் தொங்குவது சபைக் காலண்டர். அதில் தைப்பூசம் கிடையாது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. பூசத்துக்கு முந்தின வாரம் திருச்செந்தூர் சாலை முழுக்கப் பச்சை உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் நடப்பார்கள் என்பதை நான் அங்கே போய்த்தான் நினைத்துப் பார்த்தேன்.

சைக்கிள் என்னுடைய பழைய லேடீஸ் சைக்கிள்தான். கியர் கிடையாது, முன்னால் ஒரு கூடை. அதையும் என்னையும் ஒரு லோடு ஆட்டோ விடியற்காலையில் பாபநாசத்தில் இறக்கிவிட்டது. பின்னாலேயே அண்ணன் தன் காரில் வந்து நின்றார். மூன்று நாளும் பின்னாலேயே வரப்போகிறேன் என்றார். "நீ எந்த எடத்துல விழுவியோ, அந்த எடத்துல நான் நிக்கணும்லா." சபை வாட்ஸ்அப் குழுவில் என் பிரயாணத்துக்காகவும் எனக்கு நல்ல புத்தி கிடைப்பதற்காகவும் ஜெபிக்கச் சொல்லி முந்தின நாளே போட்டுவிட்டதாகவும் சொன்னார்.

முதல் நாள் பாதை சுகமானது. சாலை பைய இறங்கிக்கொண்டே போகும். விக்கிரமசிங்கபுரம், அம்பை, கல்லிடைக்குறிச்சி என்று ஊர்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வரும். இரண்டு பக்கமும் பிசானப் பருவத்து நெல் கதிர் வாங்கி நின்றது. சாலையில் எனக்குத் தொல்லை இல்லை. நிறுத்தின இடத்தில்தான் தொல்லை. வீரவநல்லூரில் ஒரு டீக்கடையில் நின்றேன். டீ வருவதற்குள் கேள்விகள் வந்துவிட்டன. எங்க போறிய? எதுக்குப் போறிய? வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா? பஸ் போகுதுல்லா? ஒரு பெரியவருக்கு என் மேல் இரக்கம் வந்து, எழுந்து போய்க் கையைக் காட்டி ஒரு பஸ்ஸையே நிறுத்திவிட்டார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "சைக்கிளை இங்கன விட்டுட்டு ஏறுங்கம்மா, நாளைக்கு வந்து எடுத்துக்கிடலாம்" என்கிறார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் ஏறவில்லை என்றதும் அந்தப் பெரியவருக்கு மனவருத்தம். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் என்னைப் பார்த்தால் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறவள் மாதிரி ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை, எல்லாருக்கும் ஏன் மாட்டிக்கொண்டவளாகவே தெரிகிறேன் என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன்.

சேரன்மகாதேவி தாண்டி, இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய சுடிதாரின் கால் செயினில் மாட்டி முழங்கால் வரை கிழிந்துவிட்டது. நல்ல வேளையாக அன்றைக்குத் தங்க நினைத்திருந்த பத்தமடை பக்கத்தில்தான் இருந்தது. அங்கே என்னோடு ஆபீஸில் வேலை பார்த்த சிநேகிதி இருக்கிறாள். பத்தமடை என்றதும் எல்லாரும் பாயைப் பற்றிக் கேட்பார்கள். நான் கட்டிலில்தான் படுத்தேன், அவ்வளவு இடுப்பு வலி. சிநேகிதி என் கிழிந்த சுடிதாரைப் பார்த்துவிட்டு, "அல்லாவே, இதப் போட்டுக்கிட்டா நாளைக்குப் போவியக்கா?" என்று உள்ளே போய், கல்யாணமாகிப் போன தன் மகளுடைய பழைய சுடிதார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பச்சை. அளவும் சரியாக இருந்தது.

இரண்டாம் நாள் மேலப்பாளையம் வழியாகப் பாளையங்கோட்டை வந்து என் வீட்டிலேயே இறங்கினேன். அது கொஞ்சம் ஆபத்தான நிறுத்தம். என் அடுப்பு, என் காபி, என் கட்டில். காலையில் எழுந்திருக்காமல் போய்விடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அண்ணனும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். "வீட்டுக்கு வந்தாச்சு, ஸ்தோத்திரம்" என்று வாசலில் நின்றுகொண்டு சொன்னார். பச்சைச் சுடிதாரைத் துவைத்துக் கொடியில் போட்டேன். வீட்டில் இருப்பதெல்லாம் சேலையும் நைட்டியும். மறுநாள் கருக்கலில் அதையே உடுத்திக்கொண்டு கிளம்பினேன்.

செய்துங்கநல்லூர் வருவதற்குள்ளேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சாலையோரம் முழுக்கப் பச்சைச் சேலையும் பச்சை வேட்டியுமாக ஆட்கள் நடந்தார்கள். முருகன் படம் வைத்த வண்டி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் போனது. நடுவில் பச்சை உடுத்தி சைக்கிள் மிதித்துப் போகிற ஒரு நரைத்த தலை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அன்றைக்குக் காலையில் மட்டும் எனக்குக் கிடைத்த மரியாதை என் ஆயுளில் கிடைத்ததில்லை. லாரிக்காரர்கள் விலகி வழி விட்டார்கள். ஆண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒருவரும் வீட்டில் ஆம்பளை இல்லையா என்று கேட்கவில்லை. எதற்குத் தனியாகப் போகிறாய் என்று கேட்கவில்லை. ஒருவரும் பஸ்ஸை நிறுத்தவில்லை. அதே கிழவி, அதே சைக்கிள். இரண்டு நாள் முன்னால் என்னைப் பார்த்து இரக்கப்பட்ட ஊர் இன்றைக்கு என்னைப் பார்த்துக் கும்பிடுகிறது. ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஒரு பெண்மணி மோர் கொடுத்துவிட்டு என் நெற்றியில் திருநீறும் பூசிவிட்டாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. மறுத்துப் பேசாமல் சிரித்துக்கொண்டே போனேன்.

ஆழ்வார்திருநகரியில் அண்ணன் காரைக் குறுக்கே நிறுத்தினார்.

"நெத்தியில என்னளா அது?"

"திருநீறு."

"பூச வந்தா தடுக்கப்படாதா?"

"ரெண்டு கையிலயும் மோர் டம்ளர் இருந்துச்சு."

அண்ணன் கைக்குட்டையை நீட்டினார். நான் வாங்கவில்லை. வேர்வையில் அது தானாகப் போய்விடும் என்றேன்.

தென்திருப்பேரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர்ப் பந்தல். அங்கே வரும்போது பின் டயர் தரையோடு தரையாக ஒட்டிவிட்டது. முள் ஏறியிருந்தது. பந்தலை நடத்துகிற அம்மாளுக்கு என் வயதிருக்கும், என்னைவிட இரண்டு பங்கு உடம்பு. எனக்குச் செம்பு நிறைய மோர் ஊற்றி வைத்துவிட்டு, யாத்திரைக்காரர்களின் பைகளை ஏற்றிப்போகிற லோடு ஆட்டோவைக் கூப்பிட்டு, என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். நான் ஏற மாட்டேன், தள்ளிக்கொண்டே போகிறேன் என்றேன். அவள் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "பாத்துக்கிடுங்க, இந்த வயசுல வண்டியில ஏற மாட்டேங்காங்க. பக்தின்னா இது பக்தி" என்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"என்ன நேர்ச்சைம்மா? மகனுக்கு வேண்டிக்கிட்டதா?"

இதுவரை யாரும் நேராகக் கேட்டிருக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். பொய்கூட இல்லை, ஒருவகையில் மகனால்தான் போய்க்கொண்டிருந்தேன்.

"நான் திருச்செந்தூர் போகலம்மா. புன்னைக்காயல் போறேன்" என்றேன்.

"அங்க மாதா கோயிலுக்கா?"

"கோயிலுக்கு இல்ல."

"பின்ன?"

அந்த நேரம் பார்த்து அண்ணன் காரிலிருந்து இறங்கி வந்தார். பச்சைக்காரர்கள் நடுவில் தங்கச்சி விழிப்பதைப் பார்த்ததும் அவருக்கு மானம் போகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். "நேர்ச்சைதான், நேர்ச்சைதான்" என்றார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "கை ஒடிஞ்சது சுகமானதுக்கு."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. வாழ்நாள் முழுக்க நேர்ச்சை கூடாது, மொட்டை கூடாது, மெழுகுதிரிகூடக் கூடாது என்று எங்களை வளர்த்த மனிதர். என் நெற்றித் திருநீறைப் பார்த்துத் துடித்தவர். தங்கச்சி தனக்கென்று சைக்கிள் மிதிக்கிறாள் என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வதைவிட முருகனுக்கு நேர்ச்சை என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. காலையிலிருந்து நான் வாங்கிக் குடித்த மோரெல்லாம் எனக்கு அப்போது கசந்தது. சாமிக்காகப் போனால் எல்லாம் சரி. மகனுக்காக, புருஷனுக்காக, பேரனுக்காக என்றால் இன்னும் சரி. ஒருத்தி தனக்காகப் போகிறாள் என்றால் மட்டும் யாராவது வந்து பஸ்ஸை நிறுத்துவார்கள்.

"நேர்ச்சை இல்ல" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எந்தச் சாமிக்கும் இல்ல. மகனுக்கும் இல்ல. எனக்காகத்தான் போறேன். போகணும்னு தோணுச்சு, போறேன்."

அந்த அம்மாள் எழுந்தாள். என் கையிலிருந்த காலிச் செம்பை வாங்கிக்கொண்டாள். முன்பானால் உடனே நிரப்பித் தந்திருப்பாள். இப்போது கழுவிக் கவிழ்த்து வைத்தாள். யாரோ ஒருவர் பின்னாலிருந்து, "வீட்டுல ஆளுங்க இல்லையோ" என்றார். அப்பாடா, பழைய கேள்வி திரும்ப வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது அந்த அம்மாள் பின்னாலிருந்து சத்தமாக, "தாயி, பஞ்சர்க்கடை ஸ்கூல் பக்கத்துல இருக்கு. காத்தைக் கொஞ்சம் கூடவே அடிச்சுக்கிடு, அந்த ரோடு மோசம்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். நான் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தேன்.

பஞ்சர்க்கடை வரைக்கும் அண்ணனுடைய கார் என் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாதாடினார்.

"சைக்கிள்ல போறேன்னுதானே சொன்ன? இப்ப நடக்க. நடக்கது கணக்குல வராது."

"கார்ல ஏறலையே."

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

"நேர்ச்சைன்னு சொன்னியளே, அதுவும் பேச்சுதான."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பஞ்சர் ஒட்டி, திருச்செந்தூர்ச் சாலையை விட்டு ஆத்தூர்ப் பக்கம் திரும்பினேன். பச்சைக்காரர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான் தனியாக இந்தப் பக்கம். வாழைத்தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால் என்று நிழல் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஆத்தூர் தாண்டியதும் கடல்காற்று முகத்தில் அறைந்தது. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் அதே இடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. இடது மணிக்கட்டு சுருக் சுருக்கென்று குத்தியது. அழுதேன். வாய்விட்டே அழுதேன். எதற்காக இப்படி ஒரு பந்தயம், சென்னைக்குப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கே தோன்றிவிட்டது. சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றேன்.

கார் வந்து பக்கத்தில் நின்றது. அண்ணன் எட்டி முன்கதவைத் திறந்தார். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சீட்டில் ஒரு பிளாஸ்க், பக்கத்தில் ஒரு தலையணை. தலையணைக்குப் புது உறை போட்டிருந்தது. அதை அவர் மூன்று நாளும் காரில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், நான் தோற்றுப் போய்ச் சாய்வதற்காக. அன்பாகத்தான் வைத்திருப்பார். அந்த அன்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. கதவை நானே சாத்திவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

புன்னைக்காயலில் சாலை முடிகிற இடம் வரைக்கும் மிதித்தேன். அதற்குமேல் மணல், வள்ளங்கள், வலை நாற்றம். கலங்கலாக இருந்த ஆற்றுத் தண்ணீர் கடலோடு போய்க் கலந்தது. சைக்கிளை ஒரு வள்ளத்தின் மேல் சாய்த்துவிட்டு மணலில் உட்கார்ந்தேன். மீன் கூடை தூக்கிக்கொண்டு போன ஒரு பெண், "மீன் வேணுமாக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். அவளை எனக்கு ரொம்பப் பிடித்தது.

அண்ணன் மகனுக்கு வீடியோ கால் போட்டு போனை என்னிடம் நீட்டினார். நான் ஆற்றையும் கடலையும் காட்டினேன்.

"அம்மா, சூப்பர். நான் நினைக்கவே இல்லை" என்றான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அன்னைக்கு விளையாட்டுக்குத்தானேம்மா பேசினோம். ஏப்ரல்ல வீட்டைப் பாக்க ஆள் வர்றாங்க. நீங்க ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுங்க, பொறுமையா பேசலாம்."

நான் கத்துவேன் என்று அண்ணன் எதிர்பார்த்தார். நானும்தான். ஆனால் எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. என் வீட்டில் நான் இருப்பதற்கு யாரிடம் போய்ப் பந்தயம் கட்டினேன்? தோற்றால் எடுத்துக்கொள்வதற்கு அது இவர்கள் வீடா? ஜெயித்தால் தருவதற்கு அது இவர்களிடம் இருக்கிறதா? "லைன்லயே இரு" என்று மகனிடம் சொன்னேன்.

சைக்கிளைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக டிக்கியில் வைத்துக் கயிறு கட்டினோம். முன்கதவைத் திறந்து, தலையணையை எடுத்துப் பின் சீட்டில் போட்டுவிட்டு, நான் காரில் ஏறினேன்.

அண்ணனுக்குப் பாதிச் சிரிப்பு. "கார்ல ஏறிட்ட, பாத்துக்கோ."

"ஏறிட்டேன். காலு வலிக்கு."

வண்டி எடுப்பதற்கு முன்னால் ஜெபிப்பது அண்ணனுடைய வழக்கம். ஸ்டியரிங்கில் கையை வைத்துக் கண்ணை மூடப் போனார்.

"இன்னைக்கு நான் ஜெபிக்கேன்" என்றேன். போனை நடுவில் நிமிர்த்தி வைத்தேன். இரண்டு பேரும் கண்ணை மூடினார்கள். ஜெபம் என்றால் மூடித்தான் ஆக வேண்டும்.

"அன்புள்ள ஆண்டவரே, சுகமாக வந்து சேர உதவி செய்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். நான் என் வீட்டில், பாளையங்கோட்டையில், எனக்குப் பிடித்தவரைக்கும் குடியிருக்கப் போகிற காரியத்தை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன். வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு வேறு நல்ல வீட்டைக் காட்டும். என்னோடு பொறுமையாகப் பேச நினைக்கிறவர்களுக்குச் சமாதானத்தைக் கொடும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் நல்ல பிதாவே."

நிறுத்தினேன். காற்றில் மணல் காரின் மேல் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் கண்ணைத் திறந்து அண்ணனையே பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அறுபது வருஷத்துக்கு மேலான பழக்கம், எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

"ஆமென்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துப் போனிலும் கேட்டது.